குழந்தை சாப்பிட மாட்டேங்குதா? கோளாறு எங்கே என்று வரிசையாகப் பார்ப்போம்

திருப்பூரில் காலை எட்டரைக்கு பனியன் கம்பெனிக்குப் போகிற அம்மாமார் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். ஒரு வயதுப் பொடிசு முதல் ஐந்து வயது வரை இருக்கும். டப்பாவைக் கையில் கொடுக்கும்போதே சொல்வார்கள்: "அக்கா, இவன் ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்கறானுங்க." பல வருஷமாக இதையே கேட்டு, இதையே சரிசெய்து வந்ததில் எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்று ஒரு வரிசை பழகிவிட்டது. அதைத்தான் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காசில்லாமல் சரியாகிற காரணம் முதலில் இருக்கும், செலவு வைக்கிறது கடைசியில் இருக்கும். ஒன்றை மாற்றினால் மூன்று நான்கு நாள் பொறுத்துப் பாருங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது பலித்தது என்றே தெரியாது.

என் அனுபவத்தில் சாப்பிடாத பிள்ளைகளில் பெரும்பாலானவர்களிடம் எந்தக் கோளாறும் இருந்ததில்லை. வட்டிலில் இருந்த சோற்றின் பதத்திலோ, அது வந்த நேரத்திலோதான் இருந்தது. அதனால் பிள்ளையைத் திட்டுவதற்கு முன்னால் வட்டிலையும் கடிகாரத்தையும் பாருங்கள்.

இவை இருந்தால் மேலே படிக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்

ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றுக்குப் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, கண் குழிவிழுந்து சோர்ந்து கிடக்கிறது. மலத்தில் இரத்தம். பச்சையாக வாந்தி. வயிறு உப்பிக் கல்லாக இருக்கிறது. எதையாவது தின்றதும் உதடு, முகம் வீங்கி மூச்சு இழுக்கிறது. இதில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

தொண்டையில் அடைத்து, இருமவும் அழவும் முடியாமல் முகம் நீலம் பாய்ந்தால் நின்ற இடத்திலேயே செய்ய வேண்டியது இது. ஒரு வயதுக்குள் என்றால், தலை தாழ்ந்திருக்கும்படி முன்கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு தட்டுங்கள். வரவில்லை என்றால் மல்லாக்கத் திருப்பி, நெஞ்சுக்கு நடுவே இரண்டு விரலால் 5 முறை அழுத்துங்கள். ஒரு வயதுக்கு மேல் என்றால் முன்னால் குனிய வைத்து முதுகில் 5 தட்டு. அப்புறம் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே உள்நோக்கி மேலாக 5 முறை அழுத்த வேண்டும். வெளியே வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை விரலை விட்டுத் தோண்டாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும். பக்கத்தில் இருப்பவர் அதற்குள் 108-ஐக் கூப்பிடட்டும்.

கடலை பறிக்கிற சமயத்தில் நம் பக்கத்து வீடுகளில் வேகவைத்த கடலையும் வறுத்த கடலையும் போசி போசியாக இருக்கும். ஐந்து வயது வரை முழுக்கடலை கொடுக்காதீர்கள். தின்னும்போது ஒருதரம் புரையேறி, அப்புறம் சரியான மாதிரி தெரிந்து, பல நாளாக இருமல் மட்டும் போகவில்லை என்றால் கடலைத் துண்டு மூச்சுக்குழாயில் தங்கியிருக்கலாம். சளி மருந்து கொடுத்துக்கொண்டு இருக்காமல், "கடலை தின்றபோது புரையேறியது" என்று டாக்டரிடம் சொல்லிக் காட்டுங்கள்.

அறிகுறி: சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறது

*கடைசியாக வாயில் போனது என்ன, எத்தனை மணிக்கு?*

எல்லாவற்றுக்கும் முன்னால் இதைப் பாருங்கள். மூன்று நாளைக்கு ஒரு காகிதத்தில் தண்ணீர் தவிர வாயில் போனதையெல்லாம் மணியோடு எழுதுங்கள். அப்பாரு கடைக்குத் தூக்கிப் போய் வாங்கிக் கொடுத்த பன்னும் அதில் வர வேண்டும், பக்கத்து வீட்டில் கொடுத்த முறுக்கும் வர வேண்டும். பதினொன்றரைக்கு ஒரு டம்ளர் பால், பன்னிரண்டுக்கு இரண்டு பிஸ்கட் என்று இருந்தால், பன்னிரண்டரைக்குச் சோறு இறங்காது. சாப்பாட்டுக்கு முன் இரண்டு மணி நேரம் தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம். இதை ஒன்றை மட்டும் மாற்றியதிலேயே சரியான பிள்ளைகள் நிறைய.

பாலின் அளவையும் பாருங்கள். ஒரு வயதுக்கு மேல் நாளைக்கு 400 முதல் 500 மில்லி போதும். சில வீடுகளில் சோறு தின்னவில்லையே என்று பாலை ஏற்றிக்கொண்டே போவார்கள். பால் ஏற ஏறச் சோறு இன்னும் குறையும், மலமும் இறுகும், இரத்தச்சோகையும் வரும். புட்டியில் குடிக்கிற பிள்ளையை டம்ளருக்கு மாற்றினாலே பாலின் அளவு தானாகக் குறைந்துவிடும்.

*வட்டிலில் எவ்வளவு போட்டிருக்கிறீர்கள்?*

ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் ஒரு வேளைக்கு முக்கால் கப்பிலிருந்து ஒரு கப், அதாவது 250 மில்லி பிடிக்கிற கிண்ணம், அவ்வளவுதான். நாளைக்கு மூன்று நான்கு வேளை, நடுவில் ஒன்றிரண்டு முறை பழமோ பண்டமோ. ஒன்பது மாதக் குழந்தைக்கு அரைக் கப் போதும். நம் ஊர்ப் பாட்டிமார் அன்பு மிகுந்து பெரிய வட்டிலில் மலை போலப் போட்டுவிட்டு, பாதி மீதி என்று கவலைப்படுவார்கள். இரண்டு ஸ்பூன் போடுங்கள். தீர்ந்ததும் அதுவே கேட்கட்டும்.

முதல் வருஷத்தில் பிறந்த எடையைப் போல மூன்று மடங்கு ஆகிற குழந்தை, அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஏறக்குறைய 2 கிலோதான் ஏறும். பசியும் அதற்கேற்பக் குறையத்தான் செய்யும். "போன வருஷம் நல்லாத் தின்னானுங்க" என்று சொல்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

*செல்போன் ஓடுகிறதா?*

வீட்டில் செல்போனைக் காட்டி ஊட்டிய பிள்ளை இங்கே வந்தால் முதல் இரண்டு நாள் வாயே திறக்காது. மூன்றாம் நாள் மற்ற பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து தானாகவே கை வைக்கும். வீட்டில் நிறுத்துவது கஷ்டம்தான். ஒரு வேளையில் தொடங்குங்கள், அதுவும் வீட்டில் எல்லோரும் கூட உட்கார்ந்து சாப்பிடுகிற வேளையில். இருபது நிமிஷம் போதும். அதற்குமேல் வட்டிலை எடுத்துவிடுங்கள். துரத்தித் துரத்தி ஊட்ட வேண்டாம்.

*காரம், புளிப்பு, சூடு*

பெரியவர்களுக்கு வைத்த குழம்பை ஊற்றிப் பிசைந்தால் நாக்கு எரியும், அவ்வளவுதான். பிள்ளைக்கு வேண்டியதை மிளகாய் போடுவதற்கு முன்பே தனியாக எடுத்து வையுங்கள். பச்சைப்பயறு கடைசல், தட்டைப்பயறு, கீரைக் கடைசல் எல்லாவற்றிலும் இது முடியும்.

பீகாரிலிருந்து வந்த ஒரு குடும்பத்துப் பெண் குழந்தை எங்களிடம் இட்லியைத் தொடவே இல்லை. புளித்த மாவின் வாடை அதற்குப் பழக்கமில்லை. அன்றே அரைத்த, புளிக்காத மாவில் சின்னச் சின்ன தோசையாக ஊற்றி, கூட உருளைக்கிழங்கை மசித்து வைத்தோம். அது தின்றது. கொஞ்சம் கொஞ்சமாகப் புளித்த மாவைக் கலந்து கூட்டியதில் இப்போது இட்லியும் தின்கிறது.

*உடம்பில் ஏதாவது?*

சளி, காது வலி, பல் முளைப்பது, வாய்ப்புண். வாயை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் புள்ளியோ சிவந்த புண்ணோ இருந்தால் ஒரு வாரம் போல மோர்ச்சோறு, ஆறிய கஞ்சி, இளநீர் என்று மென்மையாகப் போகட்டும். தண்ணீர்கூட இறங்கவில்லை என்றாலோ காய்ச்சல் இருந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

*இரத்தச்சோகை, பூச்சி*

கண்ணின் கீழிமையை இழுத்துப் பாருங்கள். உள்ளே வெளுத்திருக்கிறதா? மண், சுவர்ச் சுண்ணாம்பு, சாம்பல், சாக்பீஸ் என்று எடுத்துத் தின்கிறதா? இதைக் கெட்ட பழக்கம் என்று அடிக்காதீர்கள். இரும்புச்சத்துக் குறைவில் இப்படி வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் இரத்தம் பார்த்துச் சொல்வார்கள். பூச்சி மாத்திரையை ஒரு வயதுக்கு மேல் ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடியிலேயே கொடுக்கிறார்கள். போன தடவை விட்டுப்போனதா என்று கேட்டுப் பாருங்கள். இரும்புச் சத்து மருந்தை டாக்டர் சொன்ன அளவில் மட்டும் கொடுக்க வேண்டும், கைக்கெட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

*எப்போது டாக்டர்?*

எடை கூடவில்லை என்றால். "ஒல்லியாக இருக்கிறான்" என்று ஒரம்பரை (உறவுக்காரர்கள்) சொல்வதை வைத்து முடிவு கட்டாதீர்கள். அங்கன்வாடியில் எடை போட்டு அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். மேற்கையைச் சுற்றி அளக்கிற மூவண்ண நாடா அவர்களிடம் இருக்கும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே, அதாவது சிவப்பில் நின்றால் அன்றைக்கே டாக்டர். 11.5-க்கும் 12.5-க்கும் நடுவில் மஞ்சள் என்றால் அங்கன்வாடி அக்காவோடும் சுகாதார நிலையத்தோடும் பேசிக் கவனிப்பைக் கூட்ட வேண்டும். எடையும் சரி, நாடாவும் பச்சை, பிள்ளையும் ஓடி விளையாடுகிறது என்றால் டானிக் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள்.

அறிகுறி: வாயில் அடக்கி வைத்துக்கொள்கிறது, ஓங்கரிக்கிறது, துப்புகிறது

பெரும்பாலும் பதம்தான் காரணம். வட்டிலில் இருப்பதை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து நசுக்கிப் பாருங்கள். நசுங்கவில்லை என்றால் பல் முழுசாக முளைக்காத வாயிலும் நசுங்காது. சோறு உலர்ந்திருந்தால் ரசமோ பருப்புத் தண்ணியோ விட்டுக் குழையுங்கள். சந்தகையை, அதாவது இடியாப்பம் மாதிரிப் பிழிந்ததை, தேங்காய்ப்பாலில் ஊறவிட்டுக் கத்தரிக்கோலால் பொடிசாக வெட்டிக் கொடுங்கள். நீள நீளமாகப் போனால் தொண்டையில் பாதியும் வாயில் பாதியுமாக நின்று ஓங்கரிக்கும்.

இதற்கு நேர் எதிரான காரணமும் உண்டு. ஒன்றரை வயதாகியும் எல்லாவற்றையும் மிக்ஸியில் அரைத்தே கொடுத்திருந்தால், சின்னக் கட்டி பட்டாலே துப்பும். ஏழெட்டு மாதத்திலேயே மசித்ததுக்கு மாறி, ஒன்பது பத்து மாதத்தில் சின்னக் கட்டிகளோடு பழக்கிவிட வேண்டும். விட்டுப்போயிருந்தால் மிக்ஸியை உள்ளே எடுத்து வைத்துவிட்டுக் கரண்டியால் மசியுங்கள். அடுத்த வாரம் அரைகுறையாக மசியுங்கள். அதற்கடுத்த வாரம் கையில் பிடித்துத் தின்கிற மாதிரி வெந்த கேரட் குச்சி, மென்மையான வாழைப்பழத் துண்டு, நீளவாக்கில் நறுக்கிய முழுவேக்காட்டு முட்டை என்று வையுங்கள்.

இந்த மாற்றத்துக்கு நம் அரிசிம்பருப்பைவிட வசதியான சாப்பாடு எனக்குத் தெரியவில்லை. ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு, நான்கைந்து சின்ன வெங்காயம், ஒரு தக்காளி, இரண்டு பல் பூண்டு, சீரகம், மஞ்சள்தூள். மிளகாயை விட்டுவிடுங்கள். பெரியவர்களுக்கு மூன்று டம்ளர் தண்ணீர் வைத்தால் பிள்ளைக்கு ஐந்து. குக்கரில் ஒரு விசில் கூடுதலாக விட்டு, இறக்கியதும் ஒரு ஸ்பூன் நெய். ஒரே குண்டாவில் எடுத்ததை ஒன்பது மாதத்துக்கு நன்றாக மசிக்கலாம், ஒன்றரை வயதுக்கு அரைகுறையாக மசிக்கலாம், மூன்று வயதுக்கு அப்படியே போடலாம். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு உப்புப் போடுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

தண்ணீர் குடித்தாலும் புரையேறுகிறது, மூக்கு வழியாக வருகிறது, ஒவ்வொரு வேளையும் இருமுகிறது என்றால் அது பதத்தின் கோளாறு இல்லை. குழந்தை டாக்டர் பார்க்க வேண்டும்.

அறிகுறி: காயை மட்டும் பொறுக்கி ஓரத்தில் வைக்கிறது

பொறுமைதான் இதற்கு மருந்து. சில காய்களைப் பத்துப் பதினைந்து தடவை கண்ணில் பார்த்த பிறகுதான் பிள்ளை வாயில் வைக்கும். நாம் மூன்றாம் தடவையிலேயே "இவனுக்குப் பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஒரு துண்டு மட்டும் வட்டில் ஓரத்தில் வையுங்கள். தின்னச் சொல்ல வேண்டாம். நீங்கள் அதையே எடுத்துத் தின்னுங்கள்.

கசப்பும் நாரும் காரணமா என்றும் பாருங்கள். அவரை, கொத்தவரை நார் எடுத்திருக்க வேண்டும். முருங்கைக்கீரையில் காம்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது. அதைப் பாசிப்பருப்போடு வேகவைத்து மத்தால் கடைந்து நெய் விட்டால் பெரும்பாலும் இறங்கிவிடும். கூட நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு டீ கொடுக்கிற பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அது இரும்பைச் சேரவிடாது, நிறுத்திவிடுங்கள்.

காயை மறைத்து இட்லி மாவில் அரைத்து ஊற்றுவது அவசரத்துக்குச் சரி. ஆனால் வட்டிலில் காயாகவும் அது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உழவர் சந்தைக்குக் கூட்டிப்போய் பூசணியைத் தட்டிப் பார்க்கவும், வெண்டைக்காயைத் தொட்டுப் பொறுக்கவும் விடுங்கள். தானே பொறுக்கிய வெண்டைக்காயை ஒரு பிள்ளை தின்கிற விதமே வேறு.

எத்தனை மாதம் போனாலும் நான்கைந்து பண்டங்களைத் தவிர வேறு எதையும் தொடாமல், பேச்சிலும் விளையாட்டிலும்கூடப் பின்தங்கியிருந்தால் குழந்தை டாக்டரிடம் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அறிகுறி: ராகிக் கஞ்சி கட்டி கட்டுகிறது, பிசின் மாதிரி இறுகுகிறது, கசக்கிறது

*கட்டி கட்டினால்*

கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டியிருப்பீர்கள். இரண்டு ஸ்பூன் மாவை அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கையால் கரைத்து, கட்டியில்லை என்று விரலுக்குத் தெரிந்த பிறகு, அடுப்பில் உள்ள ஒரு டம்ளர் வெந்நீரில் ஊற்றுங்கள். தீயைக் குறைத்து, அடியைத் தொட்டுத் தொட்டுக் கிளற வேண்டும். முதலில் வெளுத்துத் தெரிகிற மாவு கருத்துக்கொண்டே வரும். ஓரத்தில் நுரை அடங்கிப் பளபளப்பு ஏறும், பச்சை வாடை போய் வெந்த வாடை வரும். அதுவரை இறக்காதீர்கள். அரைவேக்காட்டுக் கஞ்சிதான் வயிற்றை உப்ப வைக்கும்.

ஏழெட்டு மாதக் குழந்தைக்கு மாவு வேண்டாம். ராகியை இரவே ஊறப்போட்டு, அரைத்து, வெள்ளைத்துணியில் பிழிந்து, அந்தப் பாலைக் காய்ச்சுங்கள். உமி போய்விடும்.

*ஆறினதும் இறுகினால்*

எல்லாக் கஞ்சியும் இறுகத்தான் செய்யும். அடுப்பில் இருக்கும்போதே வேண்டிய பதத்தைவிடத் தண்ணியாக இறக்குங்கள். தினமும் இதே தொல்லை என்றால் முளைகட்டிய ராகி மாவுக்கு மாறுங்கள். ஊறவைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு, முளை விட்டதும் நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து அரைப்பது. அந்த மாவு அவ்வளவாக இறுகாது. அதனால் தண்ணீரை ஊற்றி ஊற்றி நீர்க்க வைக்காமல், அதே கிண்ணத்தில் கூடுதல் மாவு சேர்க்க முடியும். கொஞ்சமாகத் தின்கிற பிள்ளைக்கு இது பெரிய உதவி.

*கசந்தால்*

பெரும்பாலும் கம்பு கலந்த மாவாக இருக்கும். கம்பில் எண்ணெய்ப் பசை உண்டு, அரைத்த பிறகு சீக்கிரம் சிக்கு வாடை அடித்துக் கசந்துவிடும். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் கொட்டிவிட வேண்டும். நாட்டுச்சர்க்கரை போட்டு மறைக்கக் கூடாது. அடுத்த முறை கம்பைத் தனியாக, ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள்.

அங்கன்வாடி சத்துமாவில் வெல்லம் ஏற்கெனவே கலந்திருக்கிறது. மறுபடி சர்க்கரை போட வேண்டாம். இரண்டு வயது வரை தனியாகச் சர்க்கரை சேர்க்காமல் இருப்பதே நல்லது. கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையானாலும் கருப்பட்டியானாலும் குழந்தை உடம்புக்கு அது சர்க்கரைதான். கஞ்சிக்கு இனிப்பு வேண்டுமென்றால் கனிந்த கற்பூரவல்லியை மசித்துப் போடுங்கள். ஒரு வயது ஆகும்வரை தேன் கூடவே கூடாது, நாக்கில் தடவுவதும் கூடாது.

அறிகுறி: முக்கி முக்கி அழுகிறது, மலம் கல்லு மாதிரி வருகிறது

முதலில் பாலின் அளவு, மேலே சொன்னதுதான். அப்புறம் தண்ணீர்: விளையாட்டு மும்முரத்தில் கேட்காது, நாம்தான் டம்ளரை நீட்ட வேண்டும். மூன்றாவது, மைதா பிஸ்கட்டும் பன்னும்.

இரவில் ஏழெட்டு உலர் திராட்சையை வெந்நீரில் ஊறப்போட்டுக் காலையில் தண்ணீரோடு மசித்துக் கொடுங்கள். பப்பாளி, விதை நீக்கிய கொய்யா, கீரை. வாழைப்பழம் கொடுத்தால் தோலில் புள்ளி விழுந்து நன்றாகக் கனிந்ததாக இருக்கட்டும், செங்காய் இன்னும் கட்டிவிடும். தினமும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிஷம் காலுக்குப் பிடிமானம் வைத்து உட்காரப் பழக்குங்கள்.

ஒரு தடவை வலித்துவிட்டால் பிள்ளை பயந்து அடக்கும். அடக்க அடக்க இறுகும். காலைப் பின்னிக்கொண்டு மூலையில் நிற்பது முக்குவதற்கு இல்லை, அடக்குவதற்கு. அந்த நிலைக்கு வந்த பிள்ளைக்குச் சாப்பாடு மட்டும் போதாது. டாக்டர் மலமிளக்கி எழுதிக் கொடுப்பார், அதைப் பாதியில் நிறுத்தக் கூடாது. பெரியவர்கள் குடிக்கிற விளக்கெண்ணெயை ஊற்ற வேண்டாம். பிறந்ததிலிருந்தே மலச்சிக்கல் இருந்தால், வயிறு உப்பியிருந்தால், இரத்தம் வந்தால் காத்திருக்கவும் வேண்டாம்.

அறிகுறி: புதிதாக ஒன்றைக் கொடுத்ததும் தடிப்பு

வாயைச் சுற்றி மட்டும் சிவந்து, ஒரு மணி நேரத்தில் மறைந்தால் தக்காளி, எலுமிச்சை பட்ட எரிச்சலாக இருக்கலாம். உடம்பெங்கும் தடித்தால், கூடவே வாந்தியும் எடுத்தால், அந்தப் பண்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். முட்டை, கடலை, கோதுமை, மீன் எதையும் ஒரு நேரத்தில் ஒன்றாக, காலையில், துளியளவில் தொடங்குங்கள். மூன்று நாள் கழித்து அடுத்தது. முட்டையை நன்றாக வேகவைத்து மசித்தும், கடலையை நைஸாக அரைத்துக் கஞ்சியில் கரைத்தும் கொடுங்கள்.

அறிகுறி: டப்பா போன மாதிரியே திரும்பி வருகிறது

முதலில் மூடியைப் பாருங்கள். பிள்ளையை உட்கார வைத்து அதன் கையாலேயே திறக்கச் சொல்லுங்கள். திறக்க முடியாத மூடி நான் பார்த்தவரை நிறைய உண்டு. மிஸ்ஸிடம் கேட்கக் கூச்சப்பட்டு அப்படியே மூடி வைத்துவிடும்.

திறக்கத் தெரிகிறது என்றால் அடுத்த சோதனை. அதே சாப்பாட்டை அதே மாதிரி இன்னொரு டப்பாவில் கட்டி வீட்டில் வைத்து, மதியம் பன்னிரண்டரைக்குத் திறந்து நீங்கள் தின்று பாருங்கள். ஆவியோடு மூடிய இட்லி நசநசத்துப் போயிருக்கும். அரிசிம்பருப்பு கெட்டியாகிக் கட்டியாக நிற்கும். சித்திரை வெயிலில் தேங்காய்ச் சோறும் தேங்காய்ச் சட்னியும் நூல் விட்டுப் புளித்திருக்கும். நம்மால் தின்ன முடியாததைப் பிள்ளையும் தின்னாது.

சாப்பாட்டைத் தட்டில் பரப்பி ஆவி போன பிறகு மூடுங்கள். அரிசிம்பருப்பை வழக்கத்தைவிட ஒரு டம்ளர் தண்ணீர் கூட்டித் தளர வையுங்கள். தயிர்ச்சோறு என்றால் காலையில் காய்ச்சி ஆறிய பாலை ஊற்றிப் பிசைந்து, ஒரு ஸ்பூன் தயிர் விட்டு மூடினால் மதியத்துக்குள் புளிக்காமல் உறைந்திருக்கும். வெயில் காலத்தில் தேங்காய் அரைத்தது எதுவும் வேண்டாம்.

நேரம் போதவில்லையா என்று மிஸ்ஸிடம் கேளுங்கள். பதினைந்து நிமிஷ இடைவேளையில் பிசைந்து தின்கிற சாப்பாட்டைவிட, கையில் எடுத்துத் தின்கிறது நல்லது: சின்ன தோசைச் சுருள், பச்சைப்பயறு அடை, பாதியாக வெட்டிய முட்டை. வீட்டில் நன்றாகத் தின்று, பள்ளியில் மட்டும் ஒரு மாதமாகத் தொடவில்லை, போகவே அழுகிறது என்றால் அது சாப்பாட்டுப் பிரச்சினை இல்லை. பள்ளியில் உட்கார்ந்து பேச வேண்டும்.

அறிகுறி: பிஸ்கட் கேட்டு அடம், வீட்டுப் பண்டம் வேண்டாம் என்கிறது

பாக்கெட் வீட்டில் இருந்தால் கேட்கத்தான் செய்யும். வாங்குவதை நிறுத்துங்கள். ஒளித்து வைப்பதால் பயனில்லை. சாயங்காலம் நாலரை மணி பண்டத்துக்கென்று ஒரு நேரம் வைத்தால் நாள் முழுக்கக் கேட்பது குறையும். சோறு தின்றால் இனிப்பு என்று பேரம் பேசாதீர்கள். சோறு தண்டனை மாதிரியும் இனிப்பு பரிசு மாதிரியும் அதன் மனதில் பதிந்துவிடும்.

இரண்டு வயதுக்கு மேல் வாரத்தில் இரண்டு மூன்று நாள் எள்ளுருண்டை, கடலை உருண்டை கொடுக்கலாம். அதில் வருகிற கோளாறுகள் இவை.

*கல்லாகிவிட்டது:* பாகு முற்றிப்போனது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டினால் மெத்தென்று உருள வேண்டும், டக்கென்று உடையக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்குப் பாகே வேண்டாம் என்பேன். வறுத்துத் தோல் நீக்கிய கடலையை மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டிப் பொடியாக்கி, சீவிய கருப்பட்டியைப் போட்டு இன்னும் இரண்டு சுற்று. உள்ளே முழுக்கடலை ஒன்றுகூட நிற்கக் கூடாது.

*உதிர்கிறது:* எள்ளோ கடலையோ ஆறிப்போய் அரைத்திருப்பீர்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போதே அரைத்தால் எண்ணெய் விட்டுக்கொண்டு கையில் பிடிபடும். அப்போதும் உதிர்ந்தால் கொட்டை நீக்கிய இரண்டு பேரீச்சையைச் சேர்த்து ஒரு சுற்று. பால் தெளிக்காதீர்கள், இரண்டே நாளில் கெட்டுவிடும்.

*கசக்கிறது:* எள் கருகியிருக்கும். படபடவென்று வெடிக்கத் தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும். கடலை கசந்தால் அது பழையது. சுருங்கியதையும் பூஞ்சை பிடித்ததையும் அரைப்பதற்கு முன்பே பொறுக்கி எறியுங்கள்.

நெல்லிக்காய் அளவுக்குப் பிடித்து, கொடுக்கும்போது கையால் உதிர்த்துக் கொடுங்கள். ஓடிக்கொண்டே தின்னவிடாமல் உட்கார வைத்துக் கொடுங்கள். தின்றதும் ஒரு வாய் தண்ணீர் குடித்துக் கொப்பளிக்கட்டும், கருப்பட்டி பல்லில் ஒட்டிக்கொண்டே இருக்கும். நன்றாக ஆறிய பிறகு ஈரமில்லாத டப்பாவில் போட்டால் ஒரு வாரம் தாங்கும்.